ஜோங்காவுக்கு எந்த பிரைமர்?

தவசிமுத்து கேட்டது ஒரே ஒரு கேள்வி. வர்ணத்துக்கு அடியில் பூச, துருவை அண்ட விடாத பிரைமர் எது?

தூத்துக்குடியில் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத ஆள் கிடையாது. உப்புக் காற்று தின்னாத இரும்பு அந்த ஊரில் எந்த வீட்டில் இருக்கிறது? பெயிண்ட் கடைக்காரர் ரெட் ஆக்சைடு என்றார். பட்டாளத்தில் கூட இருந்த சிநேகிதர், எபாக்ஸி தவிர எதையும் தொடாதே என்று போனிலேயே அதட்டினார். துறைமுகத்தில் வேலை பார்த்த இன்னொருவர் துத்தநாகம் கலந்ததுதான் சரி, மற்றதெல்லாம் கண்துடைப்பு என்றார். மூன்று பேரும் தலையிலடித்துச் சத்தியம் செய்யாத குறைதான். கேட்டவருக்குத்தான் தலை சுற்றியது.

கடைசியில் ஜெனோவா மேஸ்திரியிடம் போனார். மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்னால், விசைப்படகுகளின் இரும்புச் சாமான்களுக்குத் துரு எடுத்து வர்ணம் அடிக்கிற கொட்டகை அவருடையது. தவசிமுத்துவின் கடைசித் தங்கையைவிட வயதில் இளையவர். ஆனாலும் துரு விஷயத்தில் மேஸ்திரி சொன்னால் துறைமுகத்தில் மறுபேச்சு கிடையாது.

தவசிமுத்து தன் கதையைச் சொன்னார். ராணுவத்தில் ஜோங்கா ஓட்டியவர். பட்டாளத்துக்காரர்கள் மலைமேல் ஏற்றி இறக்கிய பழைய ஜீப் அது. ஓய்வுக்குப் பிறகு ஏலத்தில் ஒன்றை எடுத்துவிட்டார். இப்போது அதைப் பிரித்துப் போட்டு, வண்டிக்கு முதுகெலும்பான சேஸை மட்டும் தனியாக நிறுத்தி வைத்திருக்கிறார். அதற்கு ஒரு நல்ல பிரைமர் வேண்டும்.

இது பாதிக் கதைதான். அந்த ஜோங்காவில் மணப்பாடு வரைக்கும் கூட்டிப்போகிறேன் என்று மனைவி செல்லக்கனியிடம் அவர் சொல்லியிருந்தார். அந்தத் தகர டப்பாவிலா என்று அவள் சிரித்தாள். வண்டி வீடு வந்து சேர்வதற்குள் அவள் கண்ணை மூடிவிட்டாள். இந்தப் பாதியை அவர் யாரிடமும் சொல்வதில்லை.

தவசிமுத்து சொன்ன பாதியை மேஸ்திரி கேட்டுக்கொண்டார். "பிரைமர் கெடக்கட்டும் அண்ணாச்சி. உப்புத்தாள எடுத்து அந்த விஞ்ச தேய்ங்க," என்று, வலை இழுக்கிற விஞ்ச் ஒன்றைக் காட்டினார்.

இப்படியாக, பென்ஷன் வாங்குகிற ஒரு சீடர் மேஸ்திரிக்குக் கிடைத்தார். சொன்னதைச் செய்தார். விஞ்சைத் தேய்த்தார், நங்கூரத்தைச் சுரண்டினார், வர்ணம் கலக்கினார். சாயங்காலம் கை கழுவும்போது மட்டும் தவறாமல் கேட்பார். எந்த பிரைமர், மேஸ்திரி? மேஸ்திரி ஒருநாள் சிரிப்பார், ஒருநாள் காதில் விழாத மாதிரிப் போய்விடுவார்.

ஒரு சாயங்காலம் மேஸ்திரியே கேட்டார். "சேஸ சுரண்டி வச்சிருக்கேன்னு சொன்னிய. இந்தக் காத்துல மறுநாளே பழுப்பேறிருமே?"

ஏறத்தான் செய்கிறது என்று தவசிமுத்து ஒத்துக்கொண்டார். பிரைமர் முடிவாகாததால் தினமும் விடிந்ததும் எழுந்து, முந்தின நாள் தேய்த்து வெளுத்த இரும்பையே மறுபடி தேய்த்துவிட்டுத்தான் கொட்டகைக்கு வருகிறார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் சலிப்பே இல்லை. எழுந்ததும் செய்வதற்கு ஒரு வேலை இருக்கிறதே என்கிற நிம்மதிதான் இருந்தது.

"இப்படியே போனா துரு வந்து திங்க வேண்டாம், நீங்களே தேச்சுத் தீத்துருவிய," என்ற மேஸ்திரி, பிரஷைக் கீழே வைத்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வீட்டுக்கே வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

சொன்னபடி வந்தார், பையில் டிரில்லோடு. வாசல் கேட்டுக்குச் சங்கிலி போட்டிருந்தது. தவசிமுத்து அதை எடுத்து மேஸ்திரியை உள்ளே விட்டு, மறுபடியும் போட்டார். உப்புக் காற்றுக்காக என்று சன்னல்களை எல்லாம் பலகை வைத்து அடைத்திருந்தார். கூடத்தில் ஒரே ஒரு நாற்காலிதான் விரித்திருந்தது. மற்றவை மடக்கிச் சுவரோரமாகச் சாத்திக் கிடந்தன.

பின்கட்டுத் தகரக் கொட்டகையில், கட்டைகளின் மேல், குழாய்போல் உள்ளே கூடான ஜோங்காவின் சேஸ் நின்றது. பளபளவென்று இருந்தது. மேஸ்திரி சுற்றி வந்தார். சுத்தியலை எடுத்து, ஒரு முனையிலிருந்து தட்டிக்கொண்டே போனார். டங், டங் என்று வந்த சத்தம் நடுவில் ஓரிடத்தில் மழுங்கியது. குனிந்து அடிப்பக்கம் பார்த்தார்.

"இங்கன வெல்டு வச்சது யாரு?"

"நாந்தான்," என்றார் தவசிமுத்து. அதில் அவருக்குப் பெருமைதான். "அடியில வரிசையா ஓட்டை இருந்துச்சு. வண்டி வந்தவுடனே எல்லாத்தையும் அடைச்சுட்டேன். ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போவாது."

மேஸ்திரி டிரில்லை மாட்டி, ஒரு வெல்டின் நடுவில் வைத்து அழுத்தினார்.

முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு பழுப்பாகத் தண்ணீர் வந்தது. சேறும் சகதியுமாக, முடை நாற்றத்தோடு வந்து தரையில் ஓடியது. நின்றுவிடும் என்று பார்த்தால் நிற்கவில்லை. தவசிமுத்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை காலை வேளைகள் அவர் வெளியே தேய்த்துக்கொண்டிருந்தார். துரு உள்ளே இருந்து தின்றுகொண்டிருந்திருக்கிறது.

"போச்சா மேஸ்திரி?" என்றார். செல்லக்கனிக்குச் சொன்ன வார்த்தையும் சேர்ந்து போய்விட்டதா என்பதுதான் அந்தக் கேள்வி.

மேஸ்திரி கம்பியை உள்ளே விட்டுத் துழாவினார். காதை வைத்துத் தட்டிப் பார்த்தார்.

"இரும்பு இருக்கு. இன்னொரு மழைக்குத் தாங்கிருக்காது."

வழியே இல்லாமல் அடைத்த இடத்தில் எப்படி ஏறியது என்று தவசிமுத்து கேட்டார்.

"ரிவெட்டு ஆணி இடுக்கு இருக்குல்லா. காத்து வாற வழியில ஈரமும் வரும். வாறத ஒண்ணும் செய்ய முடியாது அண்ணாச்சி. அது தெரிஞ்சுதான், வந்தது வடியட்டும்னு செஞ்சவன் அடியில ஓட்டை வச்சிருக்கான்."

அப்போது வாசல் கேட்டின் சங்கிலி ஆடியது. "அண்ணாச்சி... அண்ணாச்சி," என்று ஒரு பெண் கூப்பிட்டாள். தவசிமுத்து எழவில்லை. மேஸ்திரியைப் பார்த்து, பேச வேண்டாம் என்று வாயில் விரலை வைத்தார். பட்டாளத்தில் ஒளிந்து பழகிய ஆள், சொந்த வீட்டில் தகரக் கொட்டகைக்குள் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தார். கேட்டில் ஏதோ பாத்திரத்தை மாட்டுகிற சத்தம் கேட்டது.

யாரென்று மேஸ்திரி மெதுவாகக் கேட்டார்.

"பக்கத்து வீட்டு ரோசம்மா," என்றார் தவசிமுத்து. "ஞாயித்துக்கிழமை ஆனா மீன் கொழம்பு கொண்டாரும். நல்ல பிள்ளதான். செல்லக்கனிகூட அப்படி ஒட்டுதலா இருந்துச்சு. உள்ள வந்தா அவளப் பத்தித்தான் பேசும். எனக்கு அழுகை வந்துரும், மேஸ்திரி. அதான் தொறக்கறதில்ல."

மேஸ்திரி அடுத்த வெல்டுக்கு நகர்ந்து அதையும் துளைத்தார். அதிலிருந்தும் பழுப்பாக ஓடியது. தவசிமுத்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார். ஒரு மாணவன் கேட்கவேண்டிய கேள்வி அவரிடம் இன்னும் மிச்சம் இருந்தது.

"இனிமேயாவது சொல்லுங்க. இதுக்கு எந்த பிரைமர் அடிக்க?"

வாசலில் சங்கிலி மறுபடி ஆடியது. ரோசம்மா இன்னும் போகவில்லை.

மேஸ்திரி டிரில்லை நிறுத்தினார்.

"சிவப்போ சாம்பலோ, ஒங்களுக்குப் பிடிச்சத அடிங்க. இந்த ஓட்டைய மட்டும் அடைச்சிராதிய. மொதல்ல அழுக்காத்தான் வரும், அண்ணாச்சி. வரட்டும்."