புளியமரத்தைச் சுற்றும் பஸ்

"அம்மா, தமிழ்ல வார்த்தை பத்தலை."

வந்ததும் வராததுமாகப் பசுபதி வாத்தியார் இப்படித்தான் ஆரம்பித்தார்.

செண்பகம் அம்மாள் நிமிரவில்லை. மடத்து சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திவைத்துப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். மடத்துக்கு அவர்தான் தலைவி. வாத்தியாரிடம் பத்தாம் வகுப்பு படித்திருக்கக்கூடிய வயது. ஆனாலும் வாத்தியாருக்கு அவர்தான் குரு.

வாத்தியார் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் நடத்தி ஓய்வு பெற்றவர். மன நிம்மதி வேண்டும் என்று இந்த மலையடிவாரத்துக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. நிம்மதி கிடைத்த மாதிரி தெரியவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருப்பார், எழுந்தால் நடப்பார். சும்மா இருங்கள் என்றால் எவ்வளவு நேரம் என்று கேட்பார்.

இவரை ஓர் இடத்தில் உட்கார வைக்க வேண்டுமே என்று அம்மாள் ஒரு வேலை கொடுத்திருந்தார். மடத்தைத் தொடங்கிய பெரியவர் வெளிநாட்டுச் சீடர்களிடம் இங்கிலீஷில் பேசியதைத் தமிழாக்க வேண்டும்.

"ஒரு பக்கம் முழுக்கப் பெரியவர் உலகத்தைச் சுத்த விட்டுட்டார்மா. ஸ்பின்ங்கிறார், ரிவால்வ்ங்கிறார், வேர்ல்ங்கிறார், ட்விர்ல்ங்கிறார். நான் சுத்துது சுழலுதுன்னு எழுதி எழுதி எனக்கே தலை சுத்துது."

"எல்லாம் வேற வேறயா?"

கேட்க வேண்டுமா. வாத்தியாருக்கு வகுப்பறைக் குரல் வந்துவிட்டது. நின்ற இடத்திலேயே தன்னைத்தானே சுற்றுவது ஒரு சொல். இன்னொன்றை நடுவில் வைத்து வலம் வந்தால் அதற்கு வேறு. காற்றில் மாட்டிய சருகு போல அலைக்கழிந்து சுழன்றால் வேறு. பாவாடை விரியச் சிறுபெண் சுற்றுகிறாளே, அதற்கும் தனியாக ஒன்று இருக்கிறது. இப்படிச் சொல்லிக்கொண்டே அவர் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி நடந்தார்.

அம்மாள் பெடலைக் கையால் வேகமாகச் சுழற்றினார். கம்பிகள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் பின்சக்கரம் ஓடியது.

"இது?"

"ஸ்பின்."

"எவ்வளவு தூரம் போயிருக்கும்?"

வாத்தியார் சிரித்தார். "எங்கம்மா போகும். தலைகீழால்ல நிக்குது."

"அதுவும் சரிதான்." அம்மாள் துணியில் கையைத் துடைத்தார். "பஸ் வர்ற நேரமாச்சே. நீங்க இன்னும் போகலையா?"

வாத்தியார் முகத்தில் ஈயாடவில்லை. மடத்தில் யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தார், பாவம்.

*

பஸ்ஸுக்கு அந்த ஊர்தான் கடைசி நிறுத்தம். மதுரையிலிருந்து சாயங்காலம் ஒரு வண்டி வரும். வந்தவர்களை இறக்கிவிட்டு, மைதானத்து நடுவில் நிற்கும் புளியமரத்தை ஒரு சுற்றுச் சுற்றி, வந்த பக்கம் பார்த்து நிற்கும். அப்புறம் ஏறினால் உட்கார இடம் கிடைக்காது. அதனால் மரத்தைச் சுற்றுவதற்கு முன்பே ஊர் முண்டியடித்து ஏறிவிடும். துண்டு போட்டு இடம் பிடித்து, பஸ்ஸோடு சேர்ந்து மரத்தையும் வலம் வரும். டிரைவர் திட்டிப் பார்த்து ஓய்ந்துபோனார்.

வாத்தியாரும் தினமும் பையோடு ஏறுவார். ஜன்னலோரம் உட்காருவார். மரம் ஜன்னலில் வந்து போகும். டிரைவர் டீ குடித்துவிட்டு வந்து ஹாரன் அடித்ததும் எழுந்து இறங்கிவிடுவார்.

ஆரம்பத்தில் கண்டக்டர் அவருக்கு டிக்கெட் கிழித்து ஏமாந்திருக்கிறார். இப்போது கிட்டவே வருவதில்லை. இடம் கிடைக்காதவர்கள் மட்டும் வாத்தியார் பக்கத்தில் போய் நின்றுகொள்வார்கள். எப்படியும் காலியாகப் போகிற சீட்டு.

மதுரையில் அவர் மனைவி பர்வதம் இருந்தாள். அவளுக்கு மார்பில் கட்டி என்று டாக்டர் சொன்ன வாரம்தான் வாத்தியாருக்கு ஆன்மிகத்தில் நாட்டம் வந்தது. பத்து நாளில் வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பியவர். மருந்து ஏற்றும்போது பர்வதத்தின் கையைப் பிடித்துக்கொண்டது அவள் தங்கை. நல்ல மனுஷர்தான் வாத்தியார். ஆனால் இதைக் கோழைத்தனம் என்று சொல்லாமல் வேறெப்படிச் சொல்வது?

*

மறுநாள் சாயங்காலம் அவர் வார்த்தை கேட்டு வரவில்லை.

"நாளைக்குக் காலையில அவளுக்கு ஆபரேஷன்மா."

பர்வதம் போனில் கேட்டது ஒன்றே ஒன்றுதானாம். வருகிறீர்களா என்று. வருகிறேன் என்று இவர் சொல்லியிருக்கிறார். அப்படித்தான் மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"பயமா இருக்கும்மா. முடியெல்லாம் கொட்டிப்போச்சாம். அவ முகத்தைப் பாத்து நான் என்ன பேசுவேன்? மனசு ஒரு நிலைக்கு வந்துட்டா உடனே போயிடுவேன். அதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

 அம்மாள் சைக்கிளை நிமிர்த்தி, வாத்தியாரின் பையை கேரியரில் வைத்து, உருட்டிக்கொண்டு நடந்தார். வாத்தியார் பின்னால் போனார்.

பஸ் வந்தது. அம்மாள் டீக்கடைச் சுவரில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, பையோடு முதல் ஆளாக ஏறினார். வாத்தியார் வழக்கமாக உட்காரும் ஜன்னலோரத்தில் உட்கார்ந்துகொண்டார். வாத்தியார் ஒன்றும் புரியாமல் கீழே நின்றார்.

"நீங்க இருங்க வாத்தியாரே. மனசு நிலைக்கு வரட்டும். பர்வதத்துக்குத் துணையா நான் போறேன்."

மூன்று மாதமாகத் தேடிய நிம்மதி வாத்தியாருக்கு அப்போதுதான் வந்தது. வந்த வேகத்தில் கசந்தும் போனது.

"ஒண்ணு மட்டும் சொல்லிக் குடுங்க," என்றார் அம்மாள் ஜன்னல் வழியாக. "என் வீட்டுக்காரர் அங்க என்னதான் பண்றார்னு அவங்க கேப்பாங்க. தினமும் பஸ் ஏறி, ஒரு சுத்து சுத்தி, ஏறின இடத்துலயே இறங்குறார். அதுக்கு இங்கிலீஷ்லயாவது ஒரு வார்த்தை இருக்கா?"

 

வண்டி மரத்தைச் சுற்றக் கிளம்பியது.

வாத்தியார் ஓடினார். செருப்பு ஒன்று கழன்றது, எடுக்கவில்லை. மரத்துக்கு அந்தப் பக்கம் வண்டி திரும்பும்போது கம்பியைப் பிடித்துத் தொற்றிக்கொண்டார்.

அம்மாள் எழுந்து இடம் விட்டார். பையை அவர் மடியில் வைத்தார். வண்டி நின்றதும் இறங்கிப் போய் சைக்கிளை எடுத்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

டிரைவர் டீ குடித்துவிட்டு வந்து ஹாரன் அடித்தார்.

பக்கத்தில் நின்றவர் வாத்தியார் எழுவதற்கு வசதியாக ஒதுங்கி நின்றார்.  வாத்தியார் முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

வண்டி நகர்ந்தது. கண்டக்டர் ஒவ்வொருவராக டிக்கெட் போட்டுக்கொண்டே வந்தார். வாத்தியாரைப் பார்த்தார். வழக்கம்போலத் தாண்டிப் போனார்.

"தம்பி," என்று கூப்பிட்டார் வாத்தியார். "இங்க ஒரு மதுரை."