ஐம்பத்தெட்டா, அறுபதா

சபாநடேசனுக்கு வயது ஐம்பத்தேழு. அரசு அலுவலகம் ஒன்றில் ஓய்வூதியப் பிரிவுக் கண்காணிப்பாளர். பன்னிரண்டு வருடமாக ஞாயிறுதோறும் நிராமய அடிகளின் மடத்துக்கு வந்து போகிறவர். அடிகள் அவரைவிடப் பத்து வயது இளையவர். அது இருவருக்குமே ஒரு பொருட்டாக இருந்ததில்லை.

அந்த ஞாயிறு சபாநடேசன் வந்தபோது அடிகள் கிணற்று ராட்டினத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். சபாநடேசன் வணங்கிவிட்டு, சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார்.

“என்ன அது?”

“விருப்பப் படிவம் சாமி. ஐம்பத்தெட்டுல ஓய்வு வேணுமா, அறுபதுலயான்னு நாங்களே எழுதிக் கொடுக்கணும். ஐம்பத்தெட்டுல போனா பென்ஷன் சீக்கிரம் வரும், ஆனா கொஞ்சம் குறைச்சல். அறுபதுல போனா கூடுதலா வரும். மாசக் கடைசிக்குள்ள கொடுத்தாகணும். ஒரு தடவை எழுதிட்டா மாத்த முடியாது.”

“வீட்டுல என்ன சொல்றாங்க?”

“சம்சாரம் ஐம்பத்தெட்டுங்கறா. இந்த முட்டியை வச்சுக்கிட்டு நான் பஸ் ஏறி இறங்கறது அவளுக்குப் பொறுக்கலை. மகன் அறுபதுங்கறான்.”

“நீங்க?”

“பென்ஷனை மட்டும் வச்சுக் கணக்குப் போட்டுப் பார்த்துட்டேன் சாமி. இத்தனை வருஷமா மத்தவங்களுக்குப் போட்ட கணக்குதானே. எழுபத்து நாலுக்குள்ள போய்ச் சேர்ந்துட்டா ஐம்பத்தெட்டு லாபம். அதைத் தாண்டி இருந்தா அறுபது லாபம்.”

கொஞ்சம் தயங்கினார். இதை அவர் வீட்டில்கூடக் கேட்டதில்லை. அப்பா அறுபத்தொன்றில் போனவர். அம்மா எண்பத்து மூன்று வரை இருந்தாள். இரண்டு பேரில் யாருடைய உடம்பு தனக்கு வந்திருக்கிறது என்று பத்து நாளாகப் படுத்தால் தூக்கமில்லை.

“நான் எழுபத்து நாலைத் தாண்டுவேனா சாமி?”

அடிகள் எண்ணெய்க் கிண்ணத்தைக் கிணற்றுச் சுவரில் வைத்தார்.

“உங்க மேசையில ரொம்ப நாளாக் கிடக்கிற கோப்பு யாரோடது?”

சபாநடேசனுக்குப் பேச்சு எங்கே போகிறதென்று விளங்கவில்லை. ஆனாலும் சொன்னார்.

“பச்சையம்மாள்னு ஒரு அம்மா. வீட்டுக்காரர் காத்தவராயன், சாலைப் பணியாளர். இறந்துட்டார். குடும்ப ஓய்வூதியம் கேட்டிருக்காங்க. அவரோட பணிப்பதிவேட்டுல மூணு வருஷத்துப் பக்கத்தைக் காணோம். முதல்ல வேலை பார்த்த பேரூராட்சிக்கு எழுதியிருக்கோம்.”

“பதில்?”

“வரலை. நினைவூட்டு போட்டோம். ரெண்டாவது நினைவூட்டும் போட்டாச்சு. ரெண்டு வருஷம் ஆச்சு.”

“அந்த அம்மாவுக்கு என்ன வயசு?”

கோப்பின் முதல் பக்கத்தை மனதுக்குள் புரட்டிப் பார்த்தார்.

“எழுபத்து மூணு.”

“அப்ப அவங்க எழுபத்து நாலைத் தாண்டுவாங்களான்னு முதல்ல பார்த்துட்டு வாங்க.”

அடிகள் ராட்டினத்தைச் சுழற்றிப் பார்த்தார். சத்தமில்லாமல் சுற்றியது. தாளைத் திருப்பி மடித்துக்கொண்டு சபாநடேசன் புறப்பட்டார்.

திங்களும் செவ்வாயும் அவருக்குக் கோபம்தான். தான் கேட்டதென்ன, சாமி சொன்னதென்ன. புதன்கிழமை காலை, கையெழுத்துக்கு வந்த கடிதங்களில் பச்சையம்மாள் கோப்பின் மூன்றாவது நினைவூட்டும் இருந்தது. பேனாவைத் திறந்தவர், பெறுநர் முகவரியைப் பார்த்து நிறுத்தினார். அந்த ஊர் பதினோரு கிலோமீட்டர். அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினார்.

பேரூராட்சியில் இருந்த பெண் எழுத்தர், பழைய காகிதமெல்லாம் பின்கட்டில் கிடக்கிறது என்றாள். பிளீச்சிங் பவுடர் மூட்டைகளை நகர்த்திவிட்டுத்தான் உள்ளே போக முடிந்தது. சபாநடேசன் முட்டி வலிக்கத் தரையில் உட்கார்ந்து கட்டுக்கட்டாக அவிழ்த்தார். சம்பளப் பட்டியல்கள் கிடைத்தன. மூன்று வருடமும் இருந்தது. ஒவ்வொரு மாதமும் காத்தவராயன் பெயர், பக்கத்தில் பெருவிரல் ரேகை. எழுத்தரிடம் நகலும் சான்றும் வாங்கிக்கொண்டார்.

வியாழக்கிழமை குறிப்பைத் தன் கையாலேயே எழுதினார். மேசை மேசையாகத் தானே கொண்டுபோனார். வெள்ளிக்கிழமை மாலை அதிகாரி ஆணையில் கையெழுத்துப் போட்டார். தபாலில் போடச் சபாநடேசனுக்கு மனம் வரவில்லை. சனிக்கிழமை காலை முகவரியைத் தேடிப் போனார்.

வீடு பூட்டியிருந்தது. கல்யாண மண்டபத்துக்கு வேலைக்குப் போயிருப்பதாக எதிர்வீட்டில் சொன்னார்கள். மண்டபத்தின் பின்பக்கம் பச்சையம்மாள் அண்டா தேய்த்துக்கொண்டிருந்தாள். சபாநடேசன் தான் யாரென்று சொன்னதும் எழுந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். அவர் ஆணையைப் படித்துக் காட்டினார். புரிகிற மாதிரி இன்னொரு தடவையும் சொன்னார்.

அவள் தாளை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“காணாமப் போன அந்தப் பக்கம் எங்க சார் இருந்திச்சு?”

“பக்கம் கிடைக்கலைம்மா. அதுக்குப் பதிலா சம்பளப் பட்டியல் கிடைச்சுது. அவர் முதல்ல வேலை பார்த்த ஆபீஸ்லயே இருந்தது.”

“தேட நாளாச்சா?”

“முக்கால் மணி நேரம்” என்று வாயில் வந்துவிட்டது.

பச்சையம்மாள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் திட்டவில்லை.

“உக்காருங்க சார். இன்னும் ஒரு அண்டாதான். முடிச்சுட்டு டீ வாங்கியாறேன்.”

சபாநடேசன் உட்காரவில்லை. போகவும் முடியவில்லை. அவள் தேய்த்து முடிக்கும்வரை அங்கேயே நின்றார்.

மறுநாள் மடத்துக்கு வந்தபோது அவர் முகம் தெளிந்திருந்தது.

“அந்த அம்மா தாண்டிட்டாங்களா?” என்று கேட்டார் அடிகள்.

“அடுத்த மாசம்தான் எழுபத்து நாலு ஆகுது சாமி. முதல் பென்ஷனும் அடுத்த மாசம்தான்.”

நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். மண்டபத்தில் நின்றதையும் சொன்னார். பிறகு படிவத்தைப் பிரித்து அடிகளிடம் நீட்டினார். அறுபது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார்.

“என் ஆயுசைக் கணக்குப் பார்த்து எழுதலை சாமி. அந்தக் கணக்கை விட்டுட்டேன். மேசையில இன்னும் முப்பத்தொன்பது பேரோட கோப்பு இதே மாதிரி கிடக்கு. நான் போயிட்டா வர்றவன் மறுபடி நினைவூட்டுதான் போடுவான். கூடுதலாக் கிடைக்கிற இந்த ரெண்டு வருஷத்துல அத்தனையையும் முடிச்சுக் கொடுத்துட்டுத்தான் எழுந்திருப்பேன்.”

அடிகள் படிவத்தை வாங்கி நிதானமாகப் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

“ரெண்டு வருஷம் உசிரோட இருக்கணும்னு அந்த முப்பத்தொன்பது பேர்கிட்டயும் சொல்லிட்டீங்களா?”