கொசுறுத் திருகு

ரேணுகாவுக்கு முப்பது வயது. அவளுடைய பட்டறையில் பந்தய சைக்கிள் பழுதுபார்க்கும் வேலை கற்க வந்த குப்புராஜுக்குப் பேத்தி பிறந்தாயிற்று. ஆனாலும் வாய் நிறைய "மாஸ்டர்" என்றுதான் கூப்பிடுவார். அவர் பூட்டிய போல்ட்டை அவரே வந்து கழற்றினால்தான் உண்டு என்று கோயமுத்தூரில் ஒரு பேச்சு. அதில் மனிதருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அன்று காலை தாரிணி விரிசல் விட்ட ஹேண்டில்பாரோடு வந்தாள். மாவட்டப் போட்டிக்குத் தயாராகிறவள். முழங்கையில் கட்டு.

"இறக்கத்துல விழுந்துட்டேங்க்கா. நான்தான் எங்கியோ தப்பாப் புடிச்சிருக்கேன். இப்ப இறக்கம்னாலே பயமா இருக்குது. போட்டிக்கு வரலீன்னு சொல்லிரலாம்னு இருக்கேன்."

சொல்லிவிட்டு வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

அந்த ஹேண்டில்பாரைப் பூட்டியவர் குப்புராஜ். துடைத்த செயினையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் மெல்லக் கேட்டார்.

"மாஸ்டர், டார்க் ரெஞ்சு பொய் சொல்லுமுங்களா?"

இறுக்க வேண்டிய அளவு வந்ததும் 'டிக்' என்று சத்தம் கொடுத்து, போதும் என்று சொல்கிற கருவி அது. ரேணுகா தாரிணியுடையதைப் போன்ற ஒரு பழைய கார்பன் இழை ஹேண்டில்பாரை எடுத்து வைத்து, ரெஞ்சை அவரிடம் கொடுத்தாள்.

"எப்பவும் போலப் பூட்டுங்ணா."

பூட்டினார். டிக்.

உடனே அவர் கை, அவரைக் கேட்காமலே, இன்னொரு திருகு திருகியது. கார்பனில் மயிரிழையாக ஒரு கீறல் விழுந்தது.

குப்புராஜ் தன் கையைப் பார்த்தார். எடை போட்ட பிறகும் காய்க்காரர் போடும் கொசுறு மாதிரி, இரும்பு சைக்கிள் காலத்தில் பழகிய பழக்கம். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"ரெஞ்சு சரியாத்தான் சொல்லியிருக்குதுங்க."

"ம்."

"புள்ளைகிட்டச் சொல்லோணும்."

"சொல்லுங்க."

அவர் வாசல் வரை போய்த் திரும்பி வந்தார்.

"இரும்புக்கு இந்தத் திருகு இல்லீன்னா நிக்காது, அந்தக் காலத்துல எல்லாருமே இப்படித்தான், நல்லதுக்குன்னுதான் செஞ்சேன்... இதையெல்லாம் வெவரமாச் சொன்னா புரிஞ்சுக்குமுங்களா மாஸ்டர்?"

ரேணுகா அவர் கையிலிருந்த ரெஞ்சை வாங்கிக்கொண்டாள்.

"'உன்மேல தப்பில்ல கண்ணு, என்மேலதான்'னு சொல்லுங்க. அதோட நிறுத்திக்குங்ணா."