தாமரைக் குளத்து ஓலை

கணினித் துறையில் என்னோடு படித்த அன்பரசி சொன்ன கதை இது. அவளுக்கும் யாரோ சொன்னதுதான். நான் எதையும் கூட்டவில்லை.

நெடுநாளைக்கு முன் வெண்ணாவல் நாட்டை வயமாறன் என்ற அரசன் ஆண்டான். நினைத்தது அக்கணமே நடக்க வேண்டும் அவனுக்கு. ஐப்பசி மழையில் ஏரி தளும்பி நின்றபோது, "நாளைக்குள் தாமரைக் குளத்தை நிரப்புங்கள்" என்றான். அரண்மனையில் ஓலை எழுதும் எயினி அதை எழுதிக் கொடுத்தாள். ஓலையைப் பெற்ற குளத்து அதிகாரி, ஏரியின் மடைக்காவலருக்கு வேறோர் ஓலை விட்டார். மடையின் அடைப்புக்கல் நீருக்கடியில் இருந்ததால், காவலர் மூழ்கித் திறப்பவனை அழைத்தார். அவன் எயினியின் தம்பி சாத்தன்.

குளம் நிரம்பியது. சாத்தன் மேலே வரவில்லை.

மாதம் ஒன்று போனது. அரசன் மறுபடி குளத்தை நிரப்பச் சொன்னான். இம்முறை மூழ்க வேண்டியவர் எயினியின் தகப்பன். அவள் எழுத்தாணியைக் கீழே வைத்தாள்.

"அரசே, ஓர் ஓலை எதையெல்லாம் தொடும் என்று அதன் தலையிலேயே குறி இருக்கட்டும். நீர், நெருப்பு, உயிர். அது இன்னோர் ஓலையை எழுதவைத்தால் அந்த ஓலையின் குறியும் இதன்மேல் ஏறட்டும். குறி மறைத்த ஓலைக்கு முத்திரை வேண்டாம்."

அமைச்சர் ஆதனார் சிரித்தார். அரசன் அவள் பேச்சைக் கேட்பதே அவருக்குப் பொறுக்காது. "வெற்றிலை கேட்டாலும் குறி போடுவாயோ, அம்மா?"

"அதற்குக் குறி தேவையில்லை, ஐயா."

"இதற்கும் தேவையில்லை. அரசர் பூப் பார்க்க ஆசைப்படுகிறார், அவ்வளவுதானே."

"அப்படியானால் குறியில்லாத ஓலையைத் தாங்களே எழுதிக் கொண்டுபோய், கடைசிக் கைவரை நின்று முடித்துத் தாருங்கள்."

அரசனுக்கு வேடிக்கை பிடித்துப்போயிற்று. "போய்வாரும், அமைச்சரே. குறியில்லாமல் முடித்துவந்தால் இவளுக்கு இங்கே வேலையில்லை."

மாலையில் ஆதனார் இடுப்புவரை நனைந்து திரும்பினார். ஏரிக்கரையில் எயினியின் தகப்பன் அரையில் கயிற்றைக் கட்டி, மறுமுனையை ஆதனார் கையில் கொடுத்தாராம். "ஓலை கொண்டுவந்தவர்தான் பிடிக்கணும், சாமி. இழுப்பு நின்னுபோச்சுன்னா எங்க வீட்டுல சொல்லிடுங்க." தகப்பன் இறங்கியதும் ஆதனாரே நீருக்குள் ஓடி அவரைக் கரைக்கு இழுத்திருக்கிறார்.

அமைச்சர் யாரையும் பார்க்காமல் எழுத்தாணியை வாங்கினார். ஓலையின் தலையில் 'நீர், உயிர்' என்று எழுதி நீட்டினார். அரசன் படித்துவிட்டு ஓலையைக் கிழித்தான்.

"இனி உன் முறைதான் நடக்கும். என்ன பரிசு வேண்டும், எயினி?"

"என் தம்பியின் ஓலையிலும் குறி ஏற வேண்டும்."

பழைய ஓலை வந்தது. காய்ந்துபோயிருந்ததால் எழுத்தாணி வழுக்கியது. எயினி ஓலையின் மறுமுனையைப் பிடித்துக்கொள்ள, அரசன் தன் கையாலேயே 'உயிர்' என்று கீறினான். அதற்குக் கீழே இருந்தது அவள் கையெழுத்து.

பின்னர் சரிபார்த்தேன். சில கணினி நிரல்மொழிகளில் இந்த முறை உண்மையிலேயே இருக்கிறது. ஒரு செயற்கூறு, அதாவது ஒரு வேலையைச் செய்யும் நிரல்துண்டு, ஓடும்போது எதைத் தொடும் என்பதும், அது அழைக்கும் மற்றக் கூறுகள் எதைத் தொடும் என்பதும் அதன் தலைப்பில் தெரிய வேண்டும். மறைத்தால், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் ஏற்காது. கோப்பு, வலை, பிழை என்றெல்லாம் குறிகள் உண்டு. நான் பார்த்தவரை, உயிர் என்று ஒரு குறி இல்லை.