தலைக்கட்டு வரி

சூளைக்காரர் மாசிலாமணி கொதித்துப்போய் மடத்துக்கு வந்தார். அறுபது வயதுக்காரர். குரு உலகம்மைக்கு அவரைவிட இருபது வயது குறைவு. ஆனாலும் அவர் முன்னால் மாசிலாமணி தரையில்தான் உட்காருவார்.

"கேட்டீங்களா தாயே? தொழில் நடத்துறவன் எரிக்கிற கரிக்கு, இழுக்கிற கரண்டுக்கு எல்லாம் இனிமே வரியாம். புகையாலதான் வானம் கெட்டுப்போச்சாம். நாளைக்கு அதிகாரிங்க கூட்டம். சூளைக்காரங்க சங்கத்து சார்பா நான் பேசணும். ஆசீர்வாதம் பண்ணுங்க."

"என்ன பேசப் போறீங்க?"

"இது எங்க வயித்துல அடிக்கிற வேலைன்னுதான். என் சூளையை நம்பி எத்தனை குடும்பம் இருக்கு! உலகம் பூரா புகையுது, என் ஒரு சூளையாலயா மழை நின்னுபோச்சு?"

உலகம்மை விசிறியைக் கீழே வைத்தார். அந்தக் காற்றும் அனலாகத்தான் வந்தது. மூன்று வருடமாக அந்த ஊரில் மழை இல்லை.

"கரி கம்மியாப் பிடிக்கிற சூளை ஒண்ணு இருக்குன்னு சொன்னீங்களே, அதைக் கட்டுனா என்ன?"

"கட்டலாம். கரி சல்லிசாக் கிடைக்கும்போது எவன் தாயே கைக்காசைப் போட்டுக் கட்டுவான்?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். உலகம்மை சிரிக்கவில்லை.

"கொஞ்சம் இருங்க. இன்னைக்கு இங்கதான் வசூல்."

ஊரில் தண்ணீர் லாரி வரவழைக்கத் தலைக்கட்டு வரி போட்டிருந்தார்கள். அடுப்பெரியும் வீடு ஒவ்வொன்றும் கட்ட வேண்டும். மாடி வீட்டுக்கும் குடிசைக்கும் ஒரே தொகை. காலங்காலமாகக் கோயில் கொடைக்குப் பிரித்த கணக்கு அது. குடிதண்ணீருக்கும் அதையே வைத்துக்கொண்டார்கள். நாட்டாமை வேலாண்டி மடத்து முற்றத்தில் தாம்பாளத்தோடு உட்கார்ந்திருந்தார்.

மாசிலாமணி எழுந்துபோய்த் தன் பங்கைப் போட்டார். சட்டைப்பையில் கைவிட்டு எடுத்ததே போதுமானதாக இருந்தது.

அவருக்குப் பின்னால் ஆட்டுக்காரி குருவம்மா வந்தாள். ஆடு மேய்க்கப் போன அவள் புருஷன் சுடலை போன வாரம் வெயிலில் சுருண்டு விழுந்து செத்துப்போனான். நிழலுக்கு ஒரு மரம் தேடி நடந்திருக்கிறான், அதுவரை போய்ச்சேரவில்லை. ஆடுகளும் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன.

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். பணமில்லை. இரண்டு தாலிக் குண்டு மட்டும் இருந்தது. கழற்றிச் சில நாள்தான் ஆகியிருந்தது.

"இதை வச்சுக்கோங்க நாட்டாமை. எம்புள்ளைங்களுக்குத் தண்ணி ஊத்தாம விட்டுறாதீங்க."

வேலாண்டி அவள் முகத்தைப் பார்க்காமல் தாம்பாளத்தை நீட்டினார்.

மாசிலாமணிக்குப் பொறுக்கவில்லை. மனிதர் கெட்டவரில்லை. அதுதான் இதில் கொடுமை.

"நிறுத்துய்யா! அதை அவளே வச்சுக்கட்டும். இவளுக்கும் சேர்த்து நான் கட்டுறேன்."

வேலாண்டி தாம்பாளத்தைப் பின்னுக்கு இழுத்தார். குருவம்மா குண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள்.

"இவளுக்குக் கட்டிருவீங்க," என்றார் உலகம்மை. "வெளிய பாருங்க."

வெளியே வெயிலில் வரிசை தெருமுனை வரை நின்றது. முடிச்சைப் பிடித்தபடி கிழவிகள். ஒருத்தி வெண்கலக் குத்துவிளக்கை இடுப்பில் சுமந்திருந்தாள். ஒருவன் ஆட்டுக்குட்டியைக் கயிற்றில் பிடித்திருந்தான். அது நிற்கமாட்டாமல் அவன் காலடியில் படுத்துவிட்டது.

மாசிலாமணி பார்த்தார்.

"அநியாயம் தாயே," என்றார். "மழை பொய்ச்சதுக்கு இவங்க என்ன பண்ணுனாங்க? இவங்க தலையில வரியைக் கட்டுனா எப்படி?"

"எரிச்சவங்க கட்டமாட்டேங்கிறாங்களே, மாசிலாமணி," என்றார் உலகம்மை. "யாராவது கட்டித்தானே ஆகணும்?"