மரவட்டைச் சாட்சி

கருமலைப் பாளையக்காரரின் தம்பி யாரோ சோற்றில் வைத்த விஷத்தால் செத்துக்கிடந்தான். மறுநாள் உச்சிவெயிலில் அரண்மனை வேலைக்காரர்களை முற்றத்து மணலில் வட்டமாக உட்கார வைத்தார்கள்.

மந்திரவாதி பூதலிங்கம் நடுவில் ஒரு பானையைக் கவிழ்த்தான். பொலபொலவென்று மரவட்டைகள் கொட்டின. "விஷம் வச்ச ஆளை இதுக தேடிப் போகும்!" என்றான்.

நாற்காலியில் இருந்த பாளையக்காரர் காலிரண்டையும் மேலே தூக்கி மடித்துக்கொண்டார்.

மணலில் ஆயிரம் கால்கள் ஊரும் சரசரப்பு எழுந்தது. அத்தனையும் ஒரே பக்கம் திரும்பி, தண்ணீர் சுமக்கிற காத்தாயியின் நனைந்த சேலைக்குள் நுழைந்தன.

"பாழுங்கிணத்துல போட்டு மூடுங்கடா இவளை!" என்றார் பாளையக்காரர்.

காத்தாயி எழுந்தாள். பூச்சிகளை உதறிவிட்டு, "சாகிறதுக்கு முன்னாடி இந்தச் சாமி காலைக் கழுவிக் கும்பிட்டுக்கிறேன், மகாராசா" என்றாள்.

பூதலிங்கம் பூரித்துப்போய்க் காலை நீட்டினான். அவள் தன் தண்ணீர்க் குடத்தை அதன்மேல் முழுக்க ஊற்றிக் கும்பிட்டுவிட்டு விலகி நின்றாள்.

மரவட்டைகள் மெல்லத் திரும்பின. சரசரவென்று ஊர்ந்துபோய் அவன் காலில் ஏறின.

"நானில்லை! இதுக ஈரத்தைத் தேடி வருதுக!" என்று துள்ளினான் பூதலிங்கம்.

"எங்கிட்டயும் அதுக்குத்தான் சாமி வந்துச்சு" என்று குடத்தை எடுத்துக்கொண்டாள் காத்தாயி. பிறகு நாற்காலிப் பக்கம் திரும்பினாள். "வெறும் ஈரம் தேடுற பூச்சிதான், மகாராசா. இனிமே நீங்க பயப்படாம காலைக் கீழே வைக்கலாம்."

முற்றமே திரும்பி அந்தக் கால்களைப் பார்த்தது.