முதல் இலை யாருக்கு?

முன்னொரு காலத்தில், விருந்து வைப்பதில் தாராளமும் காத்திருப்பதில் கஞ்சத்தனமும் கொண்ட ஒரு ராஜா இருந்தார். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். இவருக்குப் பசி வந்தால் சமையல்காரர்களே பறந்துவிடுவார்கள். அப்படித்தான் அரண்மனை விருந்து அதிகாரியும் ஒருநாள் கரண்டியைப் போட்டுவிட்டு ஊரைவிட்டே ஓடினார். இளவரசியின் கல்யாணமோ நெருங்கிக்கொண்டிருந்தது.

“எத்தனை நெருக்கடி வந்தாலும் பதறாதவனுக்கே இந்த உத்தியோகம். நானே கேள்வி கேட்டு ஆளை எடுப்பேன்” என்று ராஜா கிளம்பிவிட்டார்.

வந்தவர்கள் பதிலை உருப்போட்டுக்கொண்டு வந்தார்கள். “நெருக்கடி எனக்குத் தேன்” என்றார் ஒருவர். “பதற்றம் என்றால் என்னவென்றே அறியேன்” என்றார் இன்னொருவர். ராஜா கொட்டாவி விட்டார்.

அந்த அவையில் பிச்சாண்டி என்றொரு விகடன் இருந்தான். ராஜாவைச் சிரிக்கவைப்பது அவன் வேலை. அதைப் பார்த்து வயிறெரிவது பிரதானி மாதவராயரின் வேலை. இதுதான் சமயமென்று அவர் எழுந்தார்.

“மகாராஜா, ஊரையே கேலி செய்யும் பிச்சாண்டியைச் சோதித்தால் என்ன? நாங்கள் பந்தியில் உட்கார்ந்து ஒரே நேரத்தில் ஏவுகிறோம். எவர் சொல்லையும் அவன் தட்டக்கூடாது. பந்தி வழக்கத்தையும் மீறக்கூடாது.”

ராஜாவுக்கு உற்சாகம் பிறந்தது. “ஆகட்டும். அடியில் துளையுள்ள நாழிகை வட்டில் நீர் நிறைந்து மூழ்கும்வரை சோதனை. அதற்குள் பந்தியில் எவன் பொறுமை இழந்து கத்துகிறானோ, அவன் இந்த நாட்டைவிட்டே போக வேண்டும்.”

பிச்சாண்டி யோசித்தான். வீட்டில் மனைவி நிறைமாதக் கர்ப்பிணி. அவளை எந்த ஊருக்கு அழைத்துப் போவது? ஆனாலும் ராஜா சொன்ன ஆணையை மனத்துக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தான். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. அது பயமா குஷியா என்று அவனுக்கே தெரியவில்லை.

ராஜா கேள்வியை ஆரம்பித்தார். “ஐந்து வருஷம் கழித்து நீ எங்கே இருப்பாய்?”

“இன்று சாயங்காலம் எங்கே இருப்பேன் என்பதே பிரதானியார் கையில் இருக்கிறது, மகாராஜா.”

“உன்னிடம் உள்ள குறை?”

“கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவேன்.”

“நெருக்கடியை எப்படிச் சமாளிப்பாய்?”

“பந்தியைப் போடச் சொல்லுங்கள். காட்டுகிறேன்.”

வட்டிலை நீரில் மிதக்கவிட்டார்கள். பிரதானியும் தளபதியும் அவைப் புலவரும் மற்றவர்களும் வரிசையாக உட்கார்ந்து ஏவத் தொடங்கினார்கள். “சோறு கொண்டு வா.” “நெய் எங்கே?” “எனக்கு முதலில் அப்பளம்.” “பாயசம் இன்னுமா வரவில்லை?”

பிச்சாண்டி ஒரே ஒரு வாழை இலையை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு வந்தான்.

“எல்லாம் தயாராக இருக்கிறது, பெரியோர்களே. பந்தியில் உட்கார்ந்தவர்களில் முதல் மரியாதைக்கு உரியவருக்கே முதல் இலை என்பது நம் அரண்மனை வழக்கம். அவர் யார் என்று சொல்லிவிட்டால் போட்டுவிடுகிறேன்.”

“இதிலென்ன சந்தேகம்? இங்கே போடு” என்றார் பிரதானி.

பிச்சாண்டி குனிந்தான். தளபதி மீசையைத் தடவினார். “வாள் பிடித்தவன் இருக்க, ஓலை பிடித்தவருக்கா முதல் இலை?”

பிச்சாண்டி தளபதி பக்கம் நகர்ந்தான். “என் பாட்டனாருக்கே பெரிய மகாராஜா முதல் இலை போட்டார்” என்றார் புலவர்.

“உம் பாட்டனார் எங்கள் வீட்டுப் பந்தியில் கடைசியில் உட்கார்ந்தவர்” என்றார் பிரதானி.

அவ்வளவுதான். செத்துப்போன பாட்டன்மார்களெல்லாம் பந்திக்கு வந்துவிட்டார்கள். யார் யாரை முந்தினார், யார் எந்தக் கல்யாணத்தில் அவமானப்பட்டு எழுந்து போனார் என்று கூரை அதிர்ந்தது. பிரதானியின் தலைப்பாகை அவிழ்ந்து மூக்கில் தொங்கியது. அவர் குரலோ வாசல் காவலர்களுக்கே கேட்டது. பிச்சாண்டி மட்டும் இலையோடு ஒவ்வொருவரிடமும் போய், “இங்கே போடட்டுமா ஐயா?” என்று மெதுவாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

வட்டில் மூழ்கியது.

“ஓர் இலைகூடப் போடவில்லை, மகாராஜா. அவன் தோற்றான்” என்றார் பிரதானி, மூச்சு வாங்க.

“நான் எவர் சொல்லையும் தட்டவில்லை, மகாராஜா. வழக்கத்தையும் மீறவில்லை. முதல் இலைக்கு இடம்தான் கேட்டேன். இன்னும் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். பந்தியில் கத்துகிறவர் நாட்டைவிட்டுப் போக வேண்டும் என்பது தங்கள் ஆணை. இத்தனை பேரும் போய்விட்டால் நாளை அவையில் தாங்களும் நானும்தான் இருப்போம்.”

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

“உண்மையைச் சொல் பிச்சாண்டி. உனக்குக் கொஞ்சமும் பதற்றம் இல்லையா?”

“இல்லாமலா? இலையை இரண்டு கையாலும் பிடித்தது மரியாதைக்கு என்றா நினைத்தீர்கள்? ஒரு கையால் பிடித்திருந்தால் அது கிழிந்திருக்கும். அப்படி நடுங்கியது.”

“வந்தவர்களில் நடுங்கினேன் என்று சொன்னவன் நீ ஒருவன்தான். நடுங்கிக்கொண்டே வேலையைப் பார்த்தாயே, அது போதும். கல்யாண விருந்து இனி உன் பொறுப்பு” என்று சொல்லி, ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். பிறகு இலையை வாங்கித் தன் கையாலேயே அவன் முன் விரித்தார்.

“முதல் இலை பிச்சாண்டிக்கு. கத்தியவர்கள் நாட்டைவிட்டுப் போக வேண்டாம், பரிமாறட்டும்.”

பிரதானி தலைப்பாகையை இடுப்பில் கட்டிக்கொண்டு நெய்க் கிண்ணத்தோடு வந்தார். பிச்சாண்டி சோற்றில் குழி பறித்தபடி அவரை நிமிர்ந்து பார்த்தான்.

“ஊற்றுங்கள் பிரதானியாரே. அவசரமில்லை, பதறாமல் ஊற்றுங்கள்.”